முதல்முறை ஓவர்கிளாக்: 5600எக்ஸ் நம்ம ஊர்ச் சூட்டில் தாங்குமா?

தெம்பனிஸ்_தம்பி · சனி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். தேசிய சேவை முடித்த கையோடு, சேர்த்து வைத்த காசில் போன வருடம் ஒரு டெஸ்க்டாப் கட்டினேன். ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸ் சிப், பி550 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 3200 ரேம், 650 வாட் பவர் சப்ளை. கூலர் பெட்டியோடு வந்ததுதான். யூடியூபில் ஒருவர் ஓவர்கிளாக் பண்ணி, அதாவது சிப்பைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டி, பத்தே நிமிடத்தில் 4.7 கிகாஹெர்ட்ஸ் ஏற்றிக் காட்டுகிறார், அதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) போய்ப் பார்த்தேன், பாதி வார்த்தை என்னவென்றே புரியவில்லை, எதையும் தொடாமல் வெளியே வந்துவிட்டேன். சிப் போய்விட்டால் இன்னொன்று வாங்கக் காசு இல்லை. எங்கே ஆரம்பிப்பது? வீடு சிங்கப்பூர் வீவக அடுக்குமாடியில் நாலறை, என் அறையில் ஏர்கான் உண்டு, ஆனால் ராத்திரி பத்துக்கு மேல்தான் போடலாம். அம்மா சட்டம்.

சிம்லிம்_பழசு · சனி இரவு 10.05

தொடாமல் வந்தாயே, அதுவே நல்ல ஆரம்பம் தம்பி. நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்தது 1998-இல், செலரான் 300ஏ வந்தபோது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் (சிப்பும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதை), அதை 4.5-ஆல் பெருக்கினால் 300. பஸ்ஸை 100-க்கு மாற்றிவிட்டால் அதே சிப் 450-இல் ஓடும். சில போர்டுகளில் அந்த மாற்றத்துக்கு வழி இருக்காது, அதனால் சிப்பின் ஒரு முனையில் மட்டும் செலோடேப் ஒட்டி போர்டை ஏமாற்றுவோம். சிலர் நகப்பூச்சு தடவுவார்கள். பாதி விலைக்கு வாங்கிய சிப்பில் ஒன்றரை மடங்கு வேகம், அந்தக் காலத்தில் அது உண்மையான லாபம்.

இப்போது அந்தக் கணக்கு இல்லை. பெருக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது: அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸ், அதை மல்டிபிளையர் பெருக்கும், 46 என்றால் 4.6 கிகாஹெர்ட்ஸ். ஆனால் கம்பெனிக்காரர்களே சிப்பை அதன் எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டித்தான் விற்கிறார்கள். உன் 5600எக்ஸ் பெட்டியில் 4.6 என்று போட்டிருக்கும், சிப்புக்குள் இருக்கும் ஆறு கோர்களில், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில், ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது 4.65 வரைக்கும் அதுவே போகும். நீ எல்லாக் கோரையும் 4.5-இல் கட்டிப்போட்டால் அந்த ஒற்றைக் கோர் வேகம் குறைந்துவிடும், கேம் ஆடும்போது முன்பைவிட மெதுவாகக்கூட ஆகலாம். சூடு மட்டும் கூடும். அந்தப் பத்து நிமிட வீடியோவில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜூரோங்_புயல் · சனி இரவு 10.31

அண்ணே பயமுறுத்தாதீங்க. ப்ரோ, மல்டிபிளையர் 47, வோல்டேஜ் 1.4, சேவ், ரீஸ்டார்ட், அவ்வளவுதான். நான் இன்டெல் 13600கே-யை ஒரு வருடமாக 5.5-இல் ஓட்டுகிறேன், 240 ஏஐஓ (தண்ணீர்க் கூலர்) போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. பயாஸ்கூட வாங்கின அன்று இருந்ததுதான், தொட்டதே இல்லை.

உட்லண்ட்ஸ்_அக்கா · சனி இரவு 11.12

புயல், உங்களிடம் அப்புறம் வருகிறேன், அந்த பயாஸ் விஷயம் தனியாகப் பேச வேண்டியது.

தம்பி, 1.4 வோல்ட்டை உன் பெட்டிக் கூலரோடு முயற்சி செய்யாதே. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், அப்போதுதான் மனதில் நிற்கும். சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதம், ஆனால் வோல்டேஜுக்கு வர்க்க விகிதம். 1.20 வோல்ட்டில் 4.2 ஓடுகிற சிப்பை 1.35 வோல்ட் கொடுத்து 4.6-க்கு ஏற்றுகிறாய் என்று வை. வேகம் கூடியது 10 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. வோல்டேஜ் வர்க்கத்தையும் சேர்த்துப் பெருக்கினால் சூடு 39 சதவீதம் கூடியிருக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டியது உள்ளங்கை அளவு அலுமினியத் துண்டு.

இன்னொன்று, நீ பார்க்கும் வீடியோக்களில் பாதி குளிர் நாட்டில் எடுத்தவை. அங்கே அறையே 20 டிகிரி. எந்த ஃபேன் கூலரும் ஏஐஓ-வும் சிப்பை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது, அறைச் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். அவர்களுக்கு 70 காட்டுவது மதியம் மூன்று மணிக்கு நம் வீட்டில் 81 காட்டும். 5600எக்ஸுக்கு எல்லை 95. அதைத் தொட்டால் சிப் எரியாது, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீ ஏற்றியதெல்லாம் வீண்.

அதனால் இன்றைக்கு எதையும் ஏற்றாதே. முதலில் அள. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ போட்டு, சிப்பை முழுக்க வேலை வாங்கிப் புள்ளி போடும் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட விடு. ஏர்கான் இல்லாமல், மதியத்தில். புள்ளி எவ்வளவு, உச்சச் சூடு எவ்வளவு, அறையில் எத்தனை டிகிரி, மூன்றையும் எழுதிக்கொண்டு வா.

தெம்பனிஸ்_தம்பி · ஞாயிறு மாலை 4.20

அக்கா, செய்தேன். அறை 31. புள்ளி 10,640. சூடு 89 வரை போனது, ஃபேன் சத்தம் கேட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் ஒரு சந்தேகம். சிபியூ-இசட் என்ற விவரம் காட்டும் மென்பொருளில் மெமரி பக்கத்தில் 1066 என்று காட்டுகிறது. நான் வாங்கியது 3200 அல்லவா? கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

உட்லண்ட்ஸ்_அக்கா · ஞாயிறு மாலை 4.48

யாரும் ஏமாற்றவில்லை. டிடிஆர் என்றால் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகும், அதனால் 1066-ஐ இரண்டால் பெருக்கு, 2133 வரும். 3200 என்று விற்கும் ரேம் பெரும்பாலும் முதலில் இந்த மாதிரிப் பாதுகாப்பான வேகத்தில்தான் எழும்பும். பயாஸில் எக்ஸ்எம்பி என்று ஒன்று இருக்கும், சில போர்டில் டிஓசிபி என்று பெயர், அதை ஆன் பண்ணினால்தான் 3200 வரும். ஒரு வருடமாக நீ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறாய்!

முதலில் அதைச் செய். ரைசனில் ரேம் வேகத்தோடு சிப்பின் உள்பாதையும் சேர்ந்தே ஓடும், கேமில் தெரியும் வித்தியாசம் நீ கேட்ட ஓவர்கிளாக்கைவிட அதிகமாக இருக்கும். ஆன் பண்ணியபிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு தம்ப் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடு. ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். ரேம் சரியில்லாமல் ஓடினால் நீ சேமிக்கும் ஃபைல்கள் சத்தமே இல்லாமல் கெட்டுப்போகும், பல நாள் கழித்துத்தான் தெரியும்.

பயாஸில் எதை மாற்றுவதற்கு முன்னாலும் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வை.

சிம்லிம்_பழசு · ஞாயிறு மாலை 5.30

89 என்பது ஓவர்கிளாக் பண்ணாமலே. இந்த நிலையில் வேகத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம், முதலில் கூலரை மாற்று. ஐம்பது அறுபது வெள்ளிக்கு நல்ல டவர் கூலர் கிடைக்கும், உனக்கு ஏஐஓ தேவையில்லை. வாங்குவதற்கு முன் கேஸின் அகலத்தை அளந்துகொள், நான் ஒருமுறை அளக்காமல் வாங்கி, பக்கவாட்டுக் கதவை மூட முடியாமல் ஆறு மாதம் திறந்தே வைத்திருந்தேன்.

கழற்றும்போது கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உன்னுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் சிப்பில் ஊசிகள் சிப்பின் அடியில்தான் இருக்கின்றன. சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். நேராக மேலே இழுத்தால் பூட்டு பூட்டியபடியே இருக்க, சிப் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனக்கு வந்தது. நாலு ஊசி வளைந்து, அட்டைக்கத்தி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன், ஒரு மணிநேரம் மூச்சு விடவில்லை. அதனால் கழற்றுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டி பேஸ்ட்டைச் சூடாக்கு, கம்ப்யூட்டரை அணை, பிளக்கைப் பிடுங்கு, திருகுகளைக் கழற்றிவிட்டு கூலரை ஜாடி மூடியைத் திருகுகிற மாதிரி இடமும் வலமும் மெதுவாகத் திருப்பு. வழுக்கி வருகிறது என்று கைக்குத் தெரிந்தபிறகு தூக்கு. திருகைக் கழற்றியதும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகடு தொப்பென்று விழும், பயப்படாதே, ஒரு கையால் பிடித்துக்கொள்.

புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். புது கூலரின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரி. சிரிக்காதே, உரிக்காமல் மாட்டிவிட்டு என்னிடம் கொண்டுவந்தவர்கள் மூன்று பேர்.

கேஸை எங்கே வைத்திருக்கிறாய்?

தெம்பனிஸ்_தம்பி · ஞாயிறு மாலை 6.02

மேசைக்கு அடியில், சுவரோரம். பக்கத்தில்தான் சாமி அலமாரி.

சிம்லிம்_பழசு · ஞாயிறு மாலை 6.15

அப்படியானால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி முழுவதும் உன் கேஸுக்குள்தான் போகிறது. சும்மா தூசி என்றால் ஊதினால் போய்விடும், சாம்பிராணிப் புகை பட்ட தூசி பிசுபிசுவென்று ஃபேன் இறக்கையில் ஒட்டிக்கொள்ளும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை, அலமாரிக்கு மறுபக்கம் மாற்று, முன்பக்க வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டு. காசில்லாமல் மூன்று நாலு டிகிரி குறையும்.

ஜூரோங்_புயல் · ஞாயிறு இரவு 8.50

சரி, அக்கா எனக்கு பயாஸ் பற்றி ஏதோ சொல்கிறேன் என்றீர்களே.

உட்லண்ட்ஸ்_அக்கா · ஞாயிறு இரவு 9.25

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் நிறைய, காரணமில்லாமல் கேம் மூடுவதும் நீலத்திரை வருவதுமாக இருந்தன. சிப்பின் மைக்ரோகோடே (அதன் உள்கட்டளைகள்) தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, அதனால் உள்ளே நிரந்தரத் தேய்மானம் ஆகிறது என்று 2024-இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆகஸ்டில் 0x129 என்ற திருத்தமும் செப்டம்பரில் 0x12பி-யும் வந்தன, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். உங்கள் 13600கே-யும் அந்தப் பட்டியலில் உண்டு. திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வரும். தொட்டதே இல்லை என்றால் ஒரு வருடமாக அந்தப் பழைய மைக்ரோகோடோடு, அதற்கு மேல் 5.5-க்கும் ஏற்றி ஓட்டியிருக்கிறீர்கள். ஏற்கெனவே தேய்ந்திருந்தால் திருத்தம் அதைச் சரி செய்யாது, இனிமேல் தேயாமல்தான் பார்த்துக்கொள்ளும். இன்றைக்கே போடுங்கள்.

ஏஎம்டி-யிலும் இப்படி நடந்திருக்கிறது. 2023-இல் 7000எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டோடு கருகின, எக்ஸ்போ (ஏஎம்டி-யின் எக்ஸ்எம்பி மாதிரி) போட்டதும் சில போர்டுகள், ரேமோடு பேசும் பகுதிக்கான எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மேல் கொடுத்ததுதான் பிரச்சினை, அப்புறம் 1.3-க்கு மேல் போகாதபடி கட்டுப்பாடு வைத்தார்கள். ‘ஆட்டோ’ என்று விட்டால் போர்டு பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பவே கூடாது.

ஜூரோங்_புயல் · ஞாயிறு இரவு 11.40

போட்டுவிட்டேன். கொஞ்ச நாளாக ஒரு கேம் அடிக்கடி மூடிக்கொண்டிருந்தது, கேமைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். 5.5-ஐ எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் சொல்வேன்.

தெம்பனிஸ்_தம்பி · வெள்ளி இரவு 10.10

புது கூலர் மாட்டியாச்சு. திருப்பித்தான் எடுத்தேன் அண்ணே, சிப் அசையவில்லை. எக்ஸ்எம்பி ஆன், மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடிப் பிழை இல்லை. அதே மதியம், அதே 31 டிகிரி, இப்போது உச்சம் 72! புள்ளி 10,930. இனிமேலாவது ஓவர்கிளாக் பண்ணலாமா?

உட்லண்ட்ஸ்_அக்கா · வெள்ளி இரவு 10.45

பண்ணலாம், ஆனால் மல்டிபிளையரைத் தொடாமல். உன் சிப்புக்குத் தொழிற்சாலையில் 76 வாட் எல்லை வைத்திருக்கிறார்கள். பயாஸில் பிபிஓ-வை (ஏஎம்டி-யின் தானியங்கி வேக ஏற்றம்) ‘அட்வான்ஸ்ட்’ என்று மாற்றினால் உள்ளே கர்வ் ஆப்டிமைசர் வரும். ஒவ்வொரு வேகத்துக்கும் இத்தனை வோல்ட் என்று சிப்புக்குள் ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோட்டை நீ கீழே இறக்குகிறாய். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், எல்லைக்குள் இடம் மிஞ்சும், அந்த இடத்தில் சிப் தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். நம்ம ஊருக்கு இதுதான் சரியான வழி. எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 10 வை. வாட் எல்லையை இப்போதைக்கு மாற்றாதே, பிபிஓ-வும் கணக்குப்படி ஓவர்கிளாக்தான், அதனால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடைக்காது, தெரிந்துகொண்டு செய். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் கெட்டது என்று தெரியாது.

தெம்பனிஸ்_தம்பி · சனி காலை 11.30

திட்டாதீர்கள் அக்கா. 10 சரியாக ஓடியது, ஆசையில் ராத்திரியே 30 வைத்தேன், சினிபெஞ்ச் மூன்று முறை பாஸ், புள்ளி 11,500-க்கு மேல். காலையில் சும்மா ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், திடீரென்று அதுவே ரீஸ்டார்ட் ஆகிறது. சூடு 40தான். ஒன்றும் புரியவில்லை.

உட்லண்ட்ஸ்_அக்கா · சனி காலை 11.52

திட்டமாட்டேன், எல்லாரும் விழும் குழிதான். பாரம் ஏற்றும்போது ஆறு கோரும் சேர்ந்து ஓடுவதால் வேகம் கொஞ்சம் அடங்கியிருக்கும், அங்கே குறைந்த வோல்டேஜ் தாங்கும். சும்மா இருக்கும்போதுதான் ஒரே கோர் சட்டென்று 4.65-க்குப் பாயும், அந்த நொடியில் போதுமான வோல்டேஜ் இல்லை. அதனால்தான் சினிபெஞ்ச் பாஸ் ஆனாலும் பக்கம் படிக்கும்போது விழுகிறது. விண்டோஸ் ஈவன்ட் வியூவரைத் திற, சிஸ்டம் பதிவுகளில் டபிள்யூஹெச்இஏ-லாகர் (WHEA-Logger) என்று தேடு, எண் 18 வந்திருக்கும். உள்ளே ஏபிக் ஐடி என்று ஒரு எண், எந்தக் கோர் விழுந்தது என்பதற்கு அது துப்பு. எல்லாவற்றையும் 15-க்குக் கொண்டுவா, கோர்சைக்ளர் என்ற இலவச மென்பொருளை இறக்கி ராத்திரி ஓட விடு, அது ஒவ்வொரு கோராகத் தனியே சோதிக்கும்.

தெம்பனிஸ்_தம்பி · சனி இரவு 8.15

அது வேலை செய்கிறது. ஆனால் நடுவில் இன்னொரு காரியம் செய்துவிட்டேன். ரேமையும் கையாலேயே 3800 வைத்துப் பார்த்தேன். இப்போது ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை கருப்பு. இதைக் கைபேசியில்தான் எழுதுகிறேன்.

சிம்லிம்_பழசு · சனி இரவு 8.22

அடப்பாவி. பதறாதே, ஒன்றும் எரியவில்லை. பவர் சப்ளை பின்னால் சுவிட்சை அணை, பிளக்கைப் பிடுங்கு, கேஸ் பட்டனை ஒரு பத்து வினாடி அழுத்திப்பிடி. போர்டில் இருபது காசு நாணயம் மாதிரி வட்டமான பேட்டரி இருக்கும், சிஆர்2032, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில். கார்டைக் கழற்றி, பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வை. இல்லாவிட்டால் போர்டின் கையேட்டில் சிஎம்ஓஎஸ் (பயாஸ் அமைப்புகள் இருக்கும் நினைவகம்) அழிக்கும் இரண்டு ஊசி எங்கே என்று பார்த்து ஸ்க்ரூடிரைவர் முனையால் சில வினாடி இரண்டையும் சேர்த்துத் தொடு. திரும்ப எழும்பும், பயாஸ் பிறந்த மேனிக்குப் போயிருக்கும்.

தெம்பனிஸ்_தம்பி · சனி இரவு 9.34

எழும்பிவிட்டது!!! ஆனால் எந்த வலைத்தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பில்லை என்கிறது.

சிம்லிம்_பழசு · சனி இரவு 9.36

தேதியைப் பார்.

தெம்பனிஸ்_தம்பி · சனி இரவு 9.38

நாலு வருடம் பின்னால் போயிருக்கிறது. மாற்றிவிட்டேன், சரியாகிவிட்டது. எக்ஸ்எம்பி மறுபடி ஆன், நெகட்டிவ் 15, படம் எடுத்து வைத்ததைப் பார்த்துத்தான் போட்டேன்.

ஜூரோங்_புயல் · சனி இரவு 10.20

மின்கட்டணம் எவ்வளவு கூடும் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? என் வீட்டில் அதுதான் சண்டை.

உட்லண்ட்ஸ்_அக்கா · சனி இரவு 10.41

50 வாட் கூடுதல், தினம் நாலு மணிநேரம், மாதம் 6 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் ஒரு வெள்ளி எண்பது காசு. சண்டை அதற்கில்லை, அந்தச் சூட்டைப் போக்க நீங்கள் ஏர்கானை 20-இல் வைப்பதற்கு.

தெம்பனிஸ்_தம்பி · அடுத்த வியாழன் இரவு 7.55

ஐந்து நாளாக ரீஸ்டார்ட் இல்லை, பதிவிலும் பிழை இல்லை. மதியம் 31 டிகிரியில் உச்சம் 68, புள்ளி 11,290. 4.7 வரவில்லை, பரவாயில்லை. ஃபேன் சத்தம் இல்லாததால் அம்மா, ‘கெட்டுப்போச்சா, இத்தனை நாள் கத்திக்கிட்டு இருந்துச்சே’ என்று கேட்கிறார். இரண்டு கோர்தான் பலவீனமாகத் தெரிகிறது, மற்ற நாலையும் 20-க்கு இறக்கலாமா அக்கா?

உட்லண்ட்ஸ்_அக்கா · வியாழன் இரவு 8.30

இறக்கலாம். ஒரு ராத்திரிக்கு ஒரு கோர். பரீட்சை முடிந்தபிறகு.